யார் கொடுத்த கண்

பெரம்பூரில் ரயில்வே மருத்துவப் பரிசோதனை முடிந்து பாலாஜி ஊர் திரும்பிய அன்று வீராம்பட்டினத்தில் மீன் நன்றாகப் பட்டிருந்தது. கரையில் ஏலச் சத்தம் ஓயவில்லை. தோளில் பையோடு அந்தக் கூட்டத்தின் ஓரமாகவே நடந்து வீட்டுக்குப் போனான் அவன். என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால் கை ஓங்கிவிடுவான் போல இருந்தது முகம். வேறு எந்த வேலைக்கும் மனு போடாமல், ரயில் ஓட்டும் வேலைதான் வேண்டும் என்று அரியாங்குப்பம் நூலகத்தில் உட்கார்ந்து படித்த பையன். எழுத்துத் தேர்வெல்லாம் தேறி, வேலை கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. கடைசியில் ஒரு புத்தகத்தைத் திறந்து, வண்ணப் புள்ளிகளுக்கு நடுவில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னான். அவனுக்குத் தெரிந்ததுதான் தப்பு என்று அனுப்பிவிட்டார்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் பேதம் தெரியாதவன் கையில் யார் ரயிலைக் கொடுப்பார்கள்?

விஷயம் தெரிந்ததும் அவன் அப்பா சுப்ரமணி போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அவர் சொந்தமாகப் பைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். காற்றையும் எஞ்சினையும் மீறிப் பேசிப் பழகிய தொண்டை. வீட்டுக்குள் வந்தாலும் இறங்காது. முதலில் ரயில்வேயைத் திட்டினார். பிறகு பாலாஜியைத் திட்டினார். இரண்டும் அலுத்த பிறகு மனைவி பச்சையம்மாள் பக்கம் திரும்பினார்.

பச்சையம்மாளுக்குப் பிறந்த ஊர் குருசுக்குப்பம். அவளுடைய அப்பாவுக்கு நிறம் தெரியாது என்பது அந்தக் குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பழுத்தது என்று காய்த் தக்காளியை வாங்கி வந்து பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார், அதை அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த மனிதர் செத்துப் பல வருடம் ஆயிற்று. இப்போது அவரைத் தோண்டி எடுத்து நடுவீட்டில் கிடத்தினார் சுப்ரமணி. உங்கப்பன் கண்ணுதான் என் புள்ளைக்கு வந்திருக்கு, உங்க வூட்டு ரத்தம்தான் என் புள்ளை வாயில மண்ணப் போட்டுது என்று அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே பச்சையம்மாள் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அவர்களுடைய மகள் சத்யப்பிரியா, பாலாஜிக்கு இளையவள், டவுனில் லேப் டெக்னீஷியன் படிப்பில் கடைசி வருடத்தில் இருந்தாள். அப்பாவின் வாயை அடைக்கக் கண் டாக்டர்தான் சரி என்று நினைத்தது அவள்தான். கண்ணாடி போட்டால் சரியாகுமோ என்ற நப்பாசையும் இருந்தது. பாலாஜியையும் அப்பாவையும் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் ஹேமலதா பொறுமையாகவே பேசினார். நிறம் பிரித்துப் பார்க்கும் சக்தி எக்ஸ் என்கிற குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு அது ஒன்றுதான், அதையும் அம்மாதான் கொடுக்கிறாள். அம்மாவுக்கு இரண்டு இருப்பதால் ஒன்று பழுதானாலும் இன்னொன்று காப்பாற்றிவிடும், அவள் கண் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் பழுதான ஒன்றே மகனுக்கு வந்து சேர்ந்தால் அவனுக்கு மாற்று இல்லை. இதற்கு மருந்து கிடையாது, இதில் யார் தப்பும் கிடையாது என்றும் சொன்னார்.

சுப்ரமணி அவ்வளவையும் தலையாட்டிக் கேட்டார். ஊருக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு வரியைத்தான். டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, ஆத்தாகிட்ட இருந்துதான் வந்துச்சாம்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. ஏலம் போடும் இடத்தில், டீக்கடையில், வலை காய்கிற இடத்தில், எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் அவர் இதைத்தான் பேசினார். குழம்பில் உப்புக் கூடினால் உங்கப்பன் கண்ணு. எஞ்சின் மக்கர் செய்தால் உங்கப்பன் கண்ணு. பச்சையம்மாள் பிறந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று தடுத்தார். இதையெல்லாம்விடச் சத்யப்பிரியாவுக்குத் தாங்க முடியாமல் போனது பாலாஜி செய்த காரியம். அவன் கத்தவில்லை, அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். அவள் தட்டில் சோறு போட்டு வைத்தால் எழுந்து போய், தானே வேறு தட்டு எடுத்துப் போட்டுக்கொண்டு வருவான். அம்மா அந்த முதல் தட்டுச் சோற்றை எடுத்துத் தான் சாப்பிடுவாள்.  ஒருநாள் அண்ணனைப் பிடித்து உலுக்கிக் கேட்டாள். வேணும்னா கொடுத்தாங்க அம்மா, அவங்களுக்கே தெரியாம வந்தது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஆடித் தேர் முடிந்து ஊரில் கூட்டம் வடிந்திருந்த சமயம். கல்லூரியில் அவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் செய்முறை வகுப்பு நடந்தது. நீல மருந்தில் சொட்டுவிட்டுச் சூடு காட்டினால் சர்க்கரையின் அளவுக்கு ஏற்ப நிறம் மாறும். பச்சை என்றால் கொஞ்சம், ஆரஞ்சு என்றால் அதிகம், செங்கல் நிறம் என்றால் மிக அதிகம். சத்யப்பிரியா தன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பச்சை என்று எழுதினாள். பாடம் எடுக்கிற மேடம் குழாயைப் பார்த்தார், எழுதியதைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். விளையாடுறியா, இது ஆரஞ்சு, நிஜ நோயாளியா இருந்தா இந்நேரம் என்ன ஆயிருக்கும் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். இன்னொரு குழாயைக் கொடுத்தார். அதிலும் தவறினாள்.

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சின்ன வயதிலிருந்து நிறம் விஷயத்தில் தடுமாற்றம் உண்டுதான். கவனம் போதாது என்று டீச்சர்கள் சொல்வார்கள், அவளும் அப்படியே நம்பியிருந்தாள். துணி எடுக்கப் போனால் அம்மாதான் எடுத்துக் கொடுப்பாள். பெண்களுக்கு இது வராது, ஆண்களுக்குத்தான் வரும் என்று எங்கோ கேள்விப்பட்டது வேறு மனதில் பதிந்திருந்தது. அன்று மதியமே யாரிடமும் சொல்லாமல் கோரிமேட்டுக்கு பஸ் ஏறினாள்.

டாக்டர் ஹேமலதாவுக்கு அவளை நினைவிருந்தது. புள்ளிப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அவள் சொன்னதை எல்லாம் குறித்துக்கொண்டு, புத்தகத்தை மூடினார்.

"உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறாரு?"

"கடலுக்குப் போறாரு, மேடம்."

"அன்னைக்கே அவரையும் பார்த்திருக்கணும். அவருக்கும் இது இருக்கு."

"இருக்கலாம்னு சொல்றீங்களா?"

"இல்லம்மா. இருக்குன்னு சொல்றேன். பொண்ணுக்கு ரெண்டு எக்ஸ். அம்மா கொடுத்தது ஒண்ணு, அப்பா கொடுத்தது ஒண்ணு. ஒண்ணு நல்லா இருந்தாக்கூட உனக்கு நிறம் தெரிஞ்சிருக்கும். தெரியலன்னா ரெண்டுமே பழுதுன்னு அர்த்தம். உங்க அப்பாகிட்ட இருக்கிறதே ஒரு எக்ஸ்தான். அது பழுதா இருந்தா அவர் கண்ணும் இதே கண்ணுதான்."

அப்பாவுக்கு நிறம் சரியாகத் தெரிந்து மகளுக்கு மட்டும் இது வருவது அபூர்வத்திலும் அபூர்வம் என்றும், வேண்டுமானால் அவரையும் அழைத்து வந்தால் பார்த்து உறுதி செய்யலாம் என்றும் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அது எதுவும் சத்யப்பிரியாவின் காதில் ஏறவில்லை. படிப்பு என்ன ஆகும், வேலை கிடைக்குமா என்று பயம் வர வேண்டிய இடம் அது. அவளுக்கு வந்தது கோபம். இத்தனை மாதம். தட்டுச் சோறு. டீக்கடைச் சிரிப்பு. செத்துப்போன மனிதரின் கண். பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை வலிக்கிற வரைக்கும், தான் அதை இறுக்கிக்கொண்டிருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தாள். கொல்லைப்பக்கம் குழாயடியில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சத்யப்பிரியா பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். எனக்கும் இருக்கு, அப்படின்னா அப்பாவுக்கும் இருக்கு, இனிமே அந்தாளு வாயத் திறக்கட்டும் பாக்கலாம் என்று அவள் மூச்சுவாங்கச் சொல்லி முடித்தபோது, அம்மா ஆச்சரியப்படவில்லை. கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

சத்யப்பிரியாவுக்குப் புரியவில்லை. என்ன தெரியும் என்று கேட்டாள்.

"கல்யாணம் ஆன புதுசுலயே தெரியும். மீனு செவுளப் பாத்து நல்லது எது, நாள்பட்டது எதுன்னு பிரிக்கத் தெரியல அந்தாளுக்கு. ரத்தச் செவப்பும் மண்ணு நெறமும் ஒண்ணாத்தான் தெரியும். எங்கப்பாவப் பாத்து வளந்தவ எனக்குத் தெரியாதா? படகுக்குப் பெயின்ட் வாங்க நான்தான் போவேன். நீ சின்னப் புள்ளையில எலைக்குச் செவப்புக் கலர் அடிச்சுக்கினு வந்தப்ப உன்னதும் தெரிஞ்சுபோச்சு. பொம்பளப் புள்ளைதான, என்னா ஆயிடப்போவுதுன்னு வுட்டுட்டேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள் மகள். அம்மா சொன்ன பதில் இதுதான்: கடலில் விளக்கு நிறம் தெரியாதவன் என்று பேர் வந்துவிட்டால் அந்தப் படகில் எவன் ஏறுவான்? ஆள் ஏறாவிட்டால் தொழில் ஏது? தொழில் இல்லாவிட்டால் நீங்கள் ரெண்டு பேரும் படித்திருப்பீர்களா? அவர் பேசுவதைக் காதில் வாங்காமல் போனால் போச்சு, வார்த்தைதானே, உடம்பிலா ஒட்டப்போகிறது?

"அவரு உன்னத் திட்டும்போது, தன் கண்ணும் அப்படித்தான்னு அவருக்குத் தெரியுமா?"

பச்சையம்மாள் குழாயை இறுக மூடினாள்.

"தெரியாம என்னா" என்றாள்.

சத்யப்பிரியாவுக்கு அந்த நிமிடம் அம்மாவைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது. தெரியாமல் பேசினார் என்றால் அது மடத்தனம், விட்டுத் தொலைக்கலாம். தெரிந்தே பேசியிருக்கிறார். தன் கண்ணை ஒளித்துவைக்க ஒரு பிணத்தைத் தேடி எடுத்து அதன்மேல் பழியைப் போட்டிருக்கிறார். அதற்கு இவள் குடை பிடித்திருக்கிறாள். நீ வாயை மூடியதால்தான் அவர் வாய் இவ்வளவு நீண்டது என்று அம்மாவிடம் கத்தினாள். பச்சையம்மாள் யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். சொல்லமாட்டேன் என்று சத்யப்பிரியா வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் உடனே சொல்லவும் இல்லை. அம்மாவின் பயம் அவளையும் கொஞ்சம் தொற்றிக்கொண்டது. கோபத்தை விழுங்கிக்கொண்டு திரிந்தாள். கல்லூரியில் யாராவது பேனா கேட்டால்கூட எரிந்து விழுந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராசு வந்தார். பச்சையம்மாளின் தம்பி, குருசுக்குப்பத்தில் வலைத்தொழில். அவருடைய மகள் பூவிழிக்கு ஆவணியில் கல்யாணம். தாம்பூலத் தட்டும் பத்திரிகையுமாக, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அத்தை வந்து நலங்கு வைக்காமல் என் பொண்ணு மணையில் உட்கார மாட்டேன் என்கிறாள் என்று சிரித்தபடியே சொல்லித் தட்டை நீட்டினார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுப்ரமணி எழுந்திருக்கவும் இல்லை, தட்டைத் தொடவும் இல்லை.

பேச ஆரம்பித்தார். எப்போதும் போலத் தெருவுக்குக் கேட்கிற குரலில். உன் பொண்ணு கல்யாணத்துக்கு நான் வரணுமா, உங்கப்பன் கண்ணு இந்த மாதிரின்னு மாப்பிள்ளை வீட்டில் சொல்லித்தான் கல்யாணம் பேசினியா, இல்லை எனக்குச் செய்த மாதிரி மூடி மறைத்துத்தான் தள்ளிவிடப் போறியா என்று கேட்டார். எதிர்வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். பொம்பளைகள் வாசலுக்கு வந்தார்கள். கோவிந்தராசின் முகம் சுண்டிப்போயிற்று. மாமா, நல்ல காரியம் பேசுற நேரத்துல இதெல்லாம் வேணாமே என்றார். சுப்ரமணி தட்டை ஒரு தள்ளு தள்ளினார். வெற்றிலையும் பாக்கும் மண்ணில் விழுந்தன.

பச்சையம்மாள் குனிந்து அவற்றைப் பொறுக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் சத்யப்பிரியாவுக்குள் ஏதோ அறுந்தது.

செல்போனை எடுத்து, கண் பரிசோதனைப் புள்ளிப் படம் ஒன்றைத் தேடித் திறந்தாள். அப்பாவின் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"இதுல என்ன நம்பர் இருக்குதுப்பா?"

அவர் முதலில் முகத்தைத் திருப்பினார். அப்புறம் ஓரக்கண்ணால் பார்த்தார். எண் பளிச்சென்று தெரிந்தது போலும். முகத்தில் ஒரு தெம்பு வந்தது. தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இருபத்தொண்ணு. இதுகூடவா தெரியாது?"

வாசற்படியில் நின்றுகொண்டிருந்த பாலாஜி இறங்கி வந்தான். போனை வாங்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கும் இருபத்தொண்ணுதான்பா தெரியுது" என்றான்.  "பெரம்பூர்ல நான் இதத்தான் சொன்னேன்."

"எனக்கும் அதேதான் தெரியுது" என்றாள் சத்யப்பிரியா. பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள். பச்சையம்மாள் வரமாட்டேன் என்று தலையசைத்தாள். மகள் போனைக் கொண்டுபோய் அவள் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

பச்சையம்மாள் படத்தைப் பார்த்தாள். அதிலிருந்து கண்ணை எடுத்துப் புருஷனைப் பார்த்தாள். இருபத்தொன்று என்று அவளும் சொல்லிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். இத்தனை வருடம் செய்ததை இன்னும் ஒருமுறை செய்தால் போதும்.  அம்மா சொல்லிவிடுவாள், இப்போதும் காப்பாற்றிவிடுவாள் என்றுதான் சத்யப்பிரியா நினைத்தாள். பச்சையம்மாளின் கையில், பொறுக்கிய வெற்றிலை மண்ணோடு இருந்தது.

"எழுபத்து நாலு" என்றாள்.

கோவிந்தராசு எட்டிப் பார்த்தார். எழுபத்து நாலு என்றார். எதிர்வீட்டுப் பொம்பளை ஒருத்தி வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னாள். அதற்குமேல் யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சத்யப்பிரியாதான் நிறுத்தவில்லை. டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னாள். அண்ணனுக்கு வந்தது தாத்தா கண்தான், அது உண்மை. ஆனால் எனக்கு வந்ததில் பாதி இவர் கொடுத்தது; இவர் கண்ணில் பழுதில்லாவிட்டால் என் கண்ணில் வராது; இந்தக் கண் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகவே போகாது, அதனால் மாமாவுக்கும் பூவிழிக்கும் தாத்தாவின் கண்ணோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. இது எல்லாம் இவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தன் கண் எப்படி என்று இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பேசினார்.

சுப்ரமணி கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். பாலாஜி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். திமிறிப் பார்த்தார். பையன் விடவில்லை. பிறகு கையை உருவிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார். 

அம்மா இப்போது தன்னைத் திட்டப்போகிறாள் என்று சத்யப்பிரியா எதிர்பார்த்தாள். பச்சையம்மாள் தட்டைத் துடைத்து, வெற்றிலையைக் கழுவி அடுக்கி, பத்திரிகையை எடுத்துச் சாமி படத்தின் முன் வைத்தாள். பிறகு இரண்டு சேலைகளை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்வீட்டுக்காரர்களைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"எங்கப்பன இந்தத் தெருவுல வெச்சுத்தான் பேசுனாரு. பேசுனது தப்புன்னு இதே தெருவுல சொல்லட்டும். அதுவரைக்கும் அந்தாளு மீன நான் கூடையில தூக்க மாட்டேன்."

கோவிந்தராசு வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். அவள் கேட்கவில்லை. சத்யப்பிரியாவும் கூடக் கிளம்பினாள். ஒயர் கூடையை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தவன் பாலாஜி.  பஸ் வந்ததும் கூடையைக் கொடுத்துவிட்டு, மதியம் சாப்பிட்டியாம்மா என்று கேட்டான். அவள் இல்லை என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சத்யப்பிரியாவுக்கு அவன் மீதும் இரக்கம் வரவில்லை. இதைக் கேட்க இவ்வளவு நாள் ஆயிற்றா என்றுதான் தோன்றியது.

கல்யாணத்தன்று குருசுக்குப்பத்துப் பந்தலில் நலங்கு முடிந்து நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தபோது சுப்ரமணி வந்தார். கூடவே சாமிக்கண்ணு, அவருடைய படகில் ஆரம்பத்திலிருந்து போகிறவர். சத்யப்பிரியா அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். சுப்ரமணி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. கோவிந்தராசு ஓடிப்போய் வாங்க மாமா என்றார். சுப்ரமணி அவர் காதோடு, எனக்கும் அந்தக் கண்ணுதான் மச்சான், மனசுல வெச்சுக்காத என்றார். கோவிந்தராசு கண்கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பச்சையம்மாளும் வந்தாள். நடந்தது தெரிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்க சொல்லணும்னு சொன்னேன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டு அவள் மணமேடைப் பக்கம் போய்விட்டாள்.

பந்தியில் சாமிக்கண்ணு சத்யப்பிரியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சமாதானம் பேசத்தான் வந்தார். அப்பா மேல ரொம்பக் கோவமா இருக்காதம்மா என்று தொடங்கியவர், பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். சுப்ரமணி கண்ணு விஷயம் எங்களுக்குப் புதுசா என்ன, படகில் வருகிற எல்லாருக்கும் ரொம்ப நாளாகத் தெரியும், ராத்திரியில் முகத்துவார விளக்கு பார்ப்பது, எதிரில் வருகிற கப்பல் விளக்கு பார்ப்பது எல்லாம் நான்தான், அது என்ன நிறம் என்று அவனிடம் யாரும் கேட்டதில்லை, அவன் மனசு நோகுமே என்று நாங்களும் காட்டிக்கொண்டதில்லை.

சத்யப்பிரியா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவரைப் பார்த்தாள். எவன் ஏறுவான் என்று பயந்து அம்மா இத்தனை வருடம் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஏறியவர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டேதான் ஏறியிருக்கிறார்கள்.

"எல்லாருக்கும் தெரியும். அப்ப அவரு டீக்கடையில எங்க தாத்தா கண்ணப் பத்திப் பேசும்போது நீங்கள்லாம் எங்க இருந்தீங்க சித்தப்பா?"

சாமிக்கண்ணு இலையைப் பார்த்தார். அது வந்தும்மா என்றார்.  அவள் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டாள். அப்பா மனசு நோகக் கூடாது என்று ஊரே பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது. அம்மாவின் மனசைப் பற்றி ஒருத்தனும் நினைக்கவில்லை. கை கழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

பச்சையம்மாள் அன்றைக்கு வீடு திரும்பவில்லை. கல்யாண வீட்டுக் கூட்டம் கலைந்தும் திரும்பவில்லை. தம்பி பிடித்த மீனை மார்க்கெட்டில் விற்றுக்கொண்டு அங்கேயே இருந்தாள். வீராம்பட்டினத்தில் சுப்ரமணி மீனை வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு, பொங்கத் தெரியாமல் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று பாலாஜி போனில் சொன்னான். ஒருநாள் காலையில் அவன் மூச்சு வாங்கக் கூப்பிட்டான். அப்பா ஏலம் முடிந்து எல்லோரும் நம்ம தெருவுக்குத் திரும்பும்போது நடுத்தெருவில் போய் நின்று சொல்லிவிட்டார் என்றான். சண்டைக்குப் போகிறவர் மாதிரித்தான் சொன்னாராம். என் கண்ணும் கோளாறுதான், என் மாமனாரப் பேசுனது தப்புதான், எவனுக்காவது சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுக்குங்க என்று. யாரும் சிரிக்கவில்லையாம்.

அம்மா வீடு திரும்பினாள். அவளோடு சத்யப்பிரியாவும் திரும்பினாள். டாக்டர் கொடுத்த சான்றிதழைக் கல்லூரியில் காட்டினாள். நிறத்தை இயந்திரம் அளந்து சொல்லும் பிரிவில் பயிற்சி கொடுப்பதாகச் சொன்னார்கள். பாலாஜி நிறம் பார்க்கத் தேவையில்லாத ரயில்வே வேலைகளுக்கு மறுபடி படிக்கத் தொடங்கினான். பெரம்பூர்ப் பேச்சை யாராவது எடுத்தால் இன்னும் எழுந்து போய்விடுவான். அம்மா தட்டில் போடுவதைச் சாப்பிட்டான். அம்மாவும் அப்பாவும் பழையபடி பேசிக்கொண்டார்கள். சத்யப்பிரியாதான் பேசவில்லை. அப்பா கேட்டால் ஆமா, இல்ல என்பதோடு சரி. அம்மாவே ஒருநாள், நானே மறந்துட்டேன், உனக்கு என்னடி என்று கேட்டாள். நீ மறந்துக்கோ, எனக்கு மறக்கல என்றாள் அவள்.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு காலையில் அவள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சுப்ரமணி தானாக வந்து பேச்சுக் கொடுத்தார். அந்த விஷயம் எப்படி ஒருத்தர்கிட்டயிருந்து ஒருத்தருக்குப் போகுது, எனக்கு ஒருதரம் சொல்லும்மா என்றார். அவரிடம் இவ்வளவு தணிந்த குரல் அவள் கேட்டதில்லை. செருப்பு மாட்டியபடியே சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அப்ப உனக்குப் பொறக்கிற புள்ளைக்கும் வருமா?"

"பையனா பொறந்தா கட்டாயம் வரும். என்கிட்ட நல்லது ஒண்ணுகூட இல்லையே கொடுக்க."

 அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலை இன்னும் தணித்துச் சொன்னார். "சரி. இத வெளிய சொல்லிக்கினு இருக்காதம்மா. நாளைக்கு உன்னப் பொண்ணு கேட்டு வருவாங்க."

அடங்கியிருந்தது எல்லாம் மறுபடி அவள் தலைக்கு ஏறியது. ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில்.

"அம்மா மறைச்சது போதும்ப்பா. நான் மறைக்க மாட்டேன். என்னப் பொண்ணு கேட்டு வர்றவங்களுக்கு மொத வார்த்தையா அதத்தான் சொல்லுவேன். அதக் கேட்டுட்டு எழுந்து போறவன் போகட்டும். நாளைக்கு என் புள்ளை பெரம்பூர்லயோ வேற எங்கேயோ போய்த் தலைகுனிஞ்சு நிக்கும்போது, எவனும் என்னையும் உங்களையும் தோண்டி எடுத்துத் திட்டக் கூடாது."

 உள்ளே பச்சையம்மாள் கூடையில் மீனை அடுக்குகிற சத்தம் நின்று, மறுபடி கேட்டது. சத்யப்பிரியா இரண்டாவது செருப்பையும் மாட்டிக்கொண்டு, படலைச் சாத்தாமலே தெருவில் இறங்கி நடந்தாள்.